கமலவேணியின் பிறந்த வீடு

2014ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, இரவு ஏழே முக்கால் மணிக்கு, சின்னமடைப்பாளையம் பாவடி வீதியின் நூற்றுப் பன்னிரண்டு வீடுகளில், கமலவேணி அழுத கண்ணீர் டிவிப் பெட்டியின் அடிவிளிம்பிலிருந்து சொட்டத் தொடங்கியது.

கமலவேணி, 'நெற்றிச்சுட்டி' என்ற தொடரில் மூத்த மருமகள். அன்று அவள் மாமியார், வீட்டில் காணாமல் போன வளையலுக்கு அவளைப் பொறுப்பாக்கி, பூசையறைக்குள் வரக்கூடாது என்று சொல்லியிருந்தாள். கமலவேணி வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு விளம்பர இடைவேளை வரைக்கும் அழுதாள், இடைவேளை முடிந்து வந்தும் அழுதாள். வீதியில் முதலில் எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். மழை இல்லை. பிறகு பெட்டியின் பின்னால் கைவிட்டுத் தடவிப் பார்த்தார்கள். ஒயர் காய்ந்திருந்தது. ஒரு பையன் தரையில் தேங்கியதை விரலால் தொட்டு நாக்கில் வைத்து, உப்புக் கரிக்கிறது என்றான். உடனே அவன் அம்மா அவன் கையில் ஒரு அடி வைத்துவிட்டு, சமையலறையிலிருந்து குழம்புச் சட்டியை எடுத்துவந்து பெட்டிக்கு அடியில் வைத்தாள். தொடரின் மீதியை எல்லோரும் அப்படியே பார்த்து முடித்தார்கள்.

கேபிள்காரர் மறுநாள் வந்து, இது தன் லைனில் வருவது இல்லை, பக்கத்து வீதியில் யார் வீட்டிலும் சொட்டவில்லை, மாதக் கட்டணத்தில் இதற்காக எதையும் குறைக்க முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார். நகராட்சியிலிருந்து வந்தவர் ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு போய், உப்பு கூடுதல், குடிக்கத் தகுதியற்றது, வேறு கோளாறு இல்லை என்று தகவல் அனுப்பினார். மாரியம்மன் கோயில் பூசாரியிடம் கேட்டதற்கு, தீட்டும் இல்லை தீர்த்தமும் இல்லை, கால் படாத இடத்தில் ஊற்றுங்கள் என்றார். சாயப்பட்டறைக்காரர் ஒருவர் அதைச் சாயத்தில் சேர்த்துப் பார்த்து, சிவப்புத் துண்டு எத்தனை தடவை துவைத்தாலும் வெளுக்கவில்லை என்று கண்டுபிடித்தார். அதன்பின் அவர் ஆள் ஒவ்வொரு நாள் காலையிலும் குடத்தோடு வீதியைச் சுற்றினான். அடுத்த தையில் வீதியிலிருந்து கல்யாணமாகிப் போன பெண்ணின் சீர்ப்பாத்திரங்களில், டிவிக்கு அடியில் வைக்க என்று ஒரு எவர்சில்வர் தாம்பாளமும் சேர்ந்திருந்தது. அவள் போன ஊரில் சொட்டவில்லை. அவள் அதில் பப்படம் பொரித்து வைத்தாள்.

விசைத்தறி ஊரில் சத்தம் நிற்பதென்றால் மின்சாரம் போக வேண்டும், இல்லையென்றால் யாராவது சாக வேண்டும். ஆனால் ஏழரை மணிக்குத் தறி ஓட்டும் பெண்களின் கண் தறியில் இல்லாமல் போனது, இழை அறுந்ததுகூடத் தெரியாமல் துணி ஓடியது, கழிவு விழுந்தது. தறி முதலாளிகள் கூடிப் பேசி, கமலவேணிக்காகத் தினமும் அரை மணி நேரம் தறியை நிறுத்திவிடுவது என்று முடிவெடுத்தார்கள். ஏழரைக்கு வீதியின் மேற்குக் கோடியிலிருந்து ஒவ்வொரு பட்டறையாக ஓசை அடங்கிக்கொண்டு வரும், கிழக்குக் கோடியில் கடைசித் தறி நின்றதும் தொடரின் பாட்டு நூற்றுப் பன்னிரண்டு வீட்டிலிருந்தும் ஒரே குரலாகக் கேட்கும், அந்த அரை மணி நேரத்தில் பாத்திரத்தில் சொட்டு விழுகிற சத்தம் வாசலில் நின்றால்கூடத் தெரியும்.

எதற்கு நம் வீதிக்கு மட்டும் வருகிறது என்ற கேள்வியைக் கொஞ்ச நாள் பேசினார்கள். பரிமளம்தான் அதை முடித்துவைத்தாள். நான்கு தறியும் ஒரு மகனும் உள்ள விதவை அவள், வீதியில் பெரிய டிவி அவளுடையது, சாவு, கல்யாணம் எதுவானாலும் முதலில் அவளிடம் சொல்வார்கள். "ஒரு பொண்ணு அழுதுக்கிட்டு எங்க வருவா? பொறந்த ஊட்டுக்குத்தான வருவா. அவ நம்மூட்டுப் பொண்ணு. அவ்வளவுதான்" என்றாள்.

அன்றிலிருந்து பாவடி வீதி கமலவேணிக்குப் பிறந்த வீடானது. தீபாவளிக்கு வீடு வீடாகச் சேர்த்து அவளுக்கு ஒரு சேலை எடுத்தார்கள், பரிமளம் வீட்டு டிவிக்கு முன்னால் தட்டில் வைத்து எடுத்தபின் வசதியில்லாத பெண் யாருக்காவது அதைக் கொடுத்தார்கள். கதையில் அவள் அப்பா செத்தபோது வீதிப் பெண்கள் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்கள். பிறந்த வீட்டின் வேலை என்ன என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. அழுதுகொண்டு வருகிற பெண்ணை உட்கார வைத்து, சோறு போட்டு, சேலை எடுத்துக் கொடுத்து, பொழுது சாய்வதற்குள் புகுந்த வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவது. அதற்கு மேல் ஒரு வேலை இருக்கக்கூடும் என்று அந்த வீதியில் யாரும் நினைத்துப் பார்க்க நேர்ந்ததில்லை.

பரிமளம் வீட்டில் தினமும் பத்துப் பன்னிரண்டு பெண்கள் கூடுவார்கள். அவர்களில் வசந்தாமணி பரிமளத்துக்கு வலது பக்கத்தில், சுவரோரம் உட்காருவாள். கரூர்ப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். அப்பா அம்மா இல்லை, கூடப் பிறந்தவர்கள் இல்லை. மூத்தது பெண், கவிநயா. இரண்டாவதாகப் பிறந்த பையன் ஆறாம் நாள் போய்விட்டான். அன்றிலிருந்து அவள் புருஷன் செங்கோடன் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டான். அடிக்கவில்லை, திட்டவில்லை, விட்டுவிட்டுப் போகவும் இல்லை. சோறு வேண்டுமென்றால் சுவரைப் பார்த்து, "சோறு போடச் சொல்லு" என்பான். உப்புக் குறைந்தால் தட்டைத் தள்ளிவைப்பான். பத்து வருஷம் இப்படியே போனது. அதை வெளியே போய்ச் சொல்லவும் வசந்தாமணிக்குத் தெரியவில்லை. என்ன கொடுமை என்று கேட்டால், பேசமாட்டேன் என்கிறார் என்பதைத் தவிர வேறு என்ன சொல்வது? அதனால் அவள் ஏழரை மணிக்குக் கமலவேணியோடு சேர்ந்து அழுதாள். பரிமளம் கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலேயே வலது கையை நீட்டி அவள் முதுகில் வைப்பாள். தொடர் முடிகிறவரை கை அங்கேயே இருக்கும். முடிந்ததும், "சாப்பிட்டுப் போ அம்மிணி" என்பாள். வசந்தாமணிக்கு அந்தக் கைதான் பிறந்த வீடு.

2018 மார்ச்சில் தொடருக்கு எழுதுகிறவர் மாறினார் என்று சொன்னார்கள். ஒரு வெள்ளிக்கிழமை கமலவேணியின் மாமியார் சாப்பாட்டுத் தட்டை அவள் காலடியில் வீசினாள். கமலவேணி குனிந்து தட்டை எடுத்தாள், கழுவினாள், அலமாரியில் கவிழ்த்து வைத்தாள், கையைத் துடைத்துக்கொண்டு, "நான் போறேன்" என்று சொல்லிவிட்டு வாசலைத் தாண்டிப் போனாள். ஒரு சொட்டுகூட வரவில்லை. பாவடி வீதியில் பட்டாசு வெடித்தார்கள். பரிமளம் பால்பாயசம் வைத்தாள். திங்கட்கிழமை அவள் அழுதுகொண்டு வருவாள் என்று எல்லோரும் பாத்திரங்களைத் துலக்கி வைத்தார்கள்.

திங்கட்கிழமை அவள் வாடகைக்கு ஒரு அறை பார்த்தாள். அதற்கடுத்த வாரம் கணக்கு எழுதக் கற்றுக்கொண்டாள், பிறகு கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள், பிறகு பேங்க் மேனேஜரோடு வாதாடினாள், ஒரு நாள் முழுக்கத் தனக்கு எந்த நிறம் பிடிக்கும் என்று யோசித்தாள். புருஷன் வந்து நின்றபோது கதவைத் திறந்து, என்ன வேண்டும் என்று கேட்டு, பதிலைக் கேட்டுவிட்டு, கதவைச் சாத்தினாள். பாத்திரங்கள் காய்ந்து கிடந்தன. சாயப்பட்டறை ஆள் வெறும் குடத்தோடு திரும்பினான், சிவப்புத் துண்டு மறுபடி வெளுக்கத் தொடங்கியது. ஆனால் அந்தத் தண்ணீருக்காக யாரும் வருத்தப்பட்டதாக ஒப்புக்கொள்ளவில்லை. அவள் ரொம்பப் பேசுகிறாள் என்றார்கள். தலைமுடியை ஏன் அப்படி வெட்டிக்கொண்டாள் என்றார்கள். நன்றாக எழுதிக்கொண்டிருந்தவரை மாற்றிக் கெடுத்துவிட்டார்கள் என்றார்கள். அவள் பழையபடி இல்லை என்பதை ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். இருபது வீடுகளில் அந்த நேரத்துக்கு வேறு தொடர் வைத்தார்கள், பிறகு அறுபது வீடுகளில். தறி நிற்கும் நேரம் கால் மணியானது, ஒரு நாள் கிழக்குக் கோடியில் ஒரு பட்டறை நிறுத்தவே இல்லை, அதை யாரும் போய்க் கேட்கவும் இல்லை. தீபாவளிச் சேலைக்குப் பணம் கேட்டு யாரும் வரவில்லை. ஊர்ப் பெரியவர்கள் சேனலுக்கு எழுதிப் போட்டார்கள். எங்கள் பெண்ணைத் தயவுசெய்து அவள் வீட்டுக்குத் திருப்பி அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார்கள்.

வசந்தாமணி மட்டும் தன் வீட்டில் ஒரு நாளும் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். தறி ஓடுகிற இரைச்சலில் வசனம் கேட்காததால், பெட்டிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து வாயசைவைப் பார்த்தாள். அந்த வருஷம் ஜூன் மாதமே அவள் செங்கோடனுக்குச் சோறு போட்டு மூடி வைத்துவிட்டு, சுவரைப் பார்த்து, "நான் போறேன்னு சொல்லு" என்று சொல்லிவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு திருப்பூருக்குப் பஸ் ஏறினாள். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை கிடைத்தது. லைன் வீட்டில் ஒரு அறை.

அதற்கும் வீதி சந்தோஷப்பட்டது. பரிமளமே வேனில் போய், கேஸ் அடுப்பும் ஒரு மூட்டை அரிசியும் இறக்கிக் கொடுத்து, அந்த ஒற்றை அறையில் பால் காய்ச்சிவிட்டு வந்தாள். முதல் மாதம் நான்கு பேர் போய்ப் பார்த்தார்கள். இரண்டாம் மாதம் பரிமளம் மட்டும் போனாள். அதன்பின் வசந்தாமணிதான் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை பாவடி வீதிக்கு வந்தாள்.

வந்து, பரிமளத்துக்கு வலது பக்கத்தில் உட்கார்ந்து, சொன்னாள். கவிநயா கணக்கில் நல்ல மார்க் வாங்குகிறாள். தனக்குச் சம்பளம் ஏற்றிக் கொடுத்திருக்கிறார்கள். கதவுக்குப் புதுப் பூட்டு வாங்கினேன், இரண்டு சாவி, ஒன்று என்னிடம் ஒன்று பாப்பாவிடம். கம்பெனி லைனில் பழுதான துணியைப் பார்க்காமலே தள்ளிவிடுகிற பெண்ணை எப்படிப் பிடித்தேன் தெரியுமா. பரிமளம் கேட்டாள். கொட்டாவி வந்தது, புறங்கையால் மறைத்துக்கொண்டாள். எழுந்துபோய்த் தறிப்பட்டறையை எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். "அப்படியா" என்றாள். அவள் வலது கை மடியிலேயே இருந்தது. ஒரு ஞாயிறு வசந்தாமணி, நெற்றிச்சுட்டி பார்க்கிறீர்களா என்று கேட்டாள்.

"இல்ல அம்மிணி. உட்டுட்டேன்."

"இப்பத்தாங்க்கா நல்லாப் போகுது. கடை வெக்கப் போறா."

பரிமளம் வெற்றிலைக் காம்பைக் கிள்ளினாள். "வெக்கட்டும். நல்லா இருக்கட்டும். நானென்ன வேண்டாம்னா சொல்றேன்" என்றாள். பிறகு, "அழுதப்ப அவளுக்கு நான் வேணும். இப்ப நான் எதுக்கு? சும்மா உக்காந்து எதுக்குப் பாக்கோணும்?" என்றாள்.

வசந்தாமணி அன்று சாப்பிடாமல் பஸ் ஏறினாள். சாப்பிட்டுப் போ என்று பரிமளம் சொல்லவில்லை என்பதை இருவருமே பிறகுதான் கவனித்தார்கள்.

2019 ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வசந்தாமணி கவிநயாவோடு பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் ஆறு நாள் இருந்த பையனை நினைத்துக்கொண்டே வந்தாள். பெயர்கூட வைக்கவில்லை. கை விரல் மட்டும் நீளமாக இருக்கும். பரிமளத்தின் வாசலில் செருப்பை விடும்போதே கண் நிறைந்துவிட்டது. உள்ளே போய் உட்கார்ந்து, "வேலை போயிருச்சுங்க்கா" என்றாள். கண்ணீர் உண்மை. காரணம் மட்டும்தான் பொய்.

பரிமளத்தின் கை நீண்டு வந்து முதுகில் உட்கார்ந்தது. வசந்தாமணி அதன்பின் நிறுத்தாமல் அழுதாள். சத்தம் கேட்டு வீதிப் பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள், வெகுநாள் கழித்து அந்த வீடு நிறைந்தது, ஒருத்தி தண்ணீர் கொண்டுவந்தாள், ஒருத்தி கவிநயாவுக்குத் தலை பின்னிவிட்டாள். பரிமளம் அரிசிம்பருப்புச் சோறு ஆக்கி, நெய் ஊற்றி, பிசைந்து, அவள் கையில் உருண்டையாக வைத்துக் கொடுத்தாள். அடுத்தநாள் காலையில் பஸ் ஏற்றிவிடும்போது, "நான் பாத்துக்கறேன். நீ எதையும் நெனைக்காத" என்றாள். வசந்தாமணி திருப்பூர் வரை சிரித்துக்கொண்டே போனாள் என்று கவிநயா பிற்பாடு சொன்னாள்.

பரிமளம் பார்த்துக்கொண்டாள். வியாழக்கிழமை ஊர்ப் பெரியவர்கள் இருவரைக் கூட்டிக்கொண்டு செங்கோடன் வீட்டுக்குப் போனாள். பெண் பட்டது போதும், வேலையும் போய்விட்டது, மகளும் வளர்கிறாள், நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டார்கள். செங்கோடன் வெகுநேரம் சுவரைப் பார்த்திருந்தான். பிறகு அவர்கள் முகத்தைப் பார்த்து, "வரட்டுமுங்க" என்றான். அந்த ஒரு வார்த்தை அன்று மாலைக்குள் வீதி முழுக்கப் போய்ச் சேர்ந்தது. பரிமளம் ஈரோட்டுக்குப் போய் அரக்கு நிறத்தில் ஒரு சேலை எடுத்தாள். பிறந்த வீட்டின் வேலையை அவள் ஒன்றையும் விடாமல் செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வேனில் ஐந்து பெண்கள் திருப்பூருக்குப் போனார்கள். சேலை, பூ, பழம், அரிசி. வசந்தாமணி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். தட்டைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. எல்லோரையும் பாயில் உட்கார வைத்தாள், டீ போட்டுக் கொடுத்தாள். செங்கோடன் பேசிவிட்டான் என்று பரிமளம் சொன்னாள். அவன் சொன்ன வார்த்தையை அவன் சொன்ன மாதிரியே சொல்லிக் காட்டினாள். கிளம்பு, பொழுதுக்குள் போய்விடலாம் என்றாள்.

"வேலை போகலைங்க்கா" என்றாள் வசந்தாமணி.

பாயில் இருந்த பெண்கள் டம்ளரைக் கீழே வைத்தார்கள்.

"அப்புறம் எதுக்கு அழுதே?"

"நீங்க முதுகுல கை வெப்பீங்கன்னு."

பரிமளம் டீயைக் குடித்து முடித்தாள். டம்ளரைக் கழுவி, கவிழ்த்து வைத்தாள். தட்டைப் பார்த்தாள். புகுந்த வீட்டுக்குத் திரும்புகிற பெண்ணுக்குக் கொடுக்கிற சேலை அது. திரும்பாத பெண்ணுக்கு என்ன கொடுப்பது என்று அவளுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. பழத்தை மட்டும் எடுத்துக் கவிநயாவின் கையில் வைத்துவிட்டு, சேலையை மடித்து இடுப்பில் வைத்துக்கொண்டு வேனில் ஏறினாள். திரும்பி வருகிற வழியெல்லாம் அவள் சேலையை மடியில் வைத்திருந்தாள். மற்ற நான்கு பெண்களும் ஊர் வரும்வரை பேசினார்கள். நம்மை முட்டாளாக்கிவிட்டாள் என்றார்கள், பொய்க்கு அழுகிறவளோடு என்ன உறவு என்றார்கள். மறுநாள் பரிமளமும் அதையே சொன்னாள்.

தொடரையும் யாரும் பார்க்கவில்லை. எழுதுகிறவரை மறுபடி மாற்றினார்கள். செப்டம்பரில் கமலவேணி ஓட்டிப்போன கார் மரத்தில் மோதியது. ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது அவளுக்குக் கணக்கு மறந்திருந்தது, கார் ஓட்டியது மறந்திருந்தது, பேங்க் மேனேஜரோடு வாதாடியது மறந்திருந்தது, பிடித்த நிறம் மறந்திருந்தது. புகுந்த வீடு மட்டும் நினைவிருந்தது. ஒரு திங்கட்கிழமை ஏழே முக்கால் மணிக்கு அவள் மாமியார் காலில் விழுந்து அழுதாள். நூற்றுப் பன்னிரண்டு வீட்டிலும் சொட்டியது. தறிக்காரர்கள் யாரும் சொல்லாமலே மேற்குக் கோடியிலிருந்து ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டு வந்தார்கள். பெண்கள் பரணிலிருந்து தாம்பாளங்களை இறக்கினார்கள், தொலைந்த பெண் கிடைத்துவிட்டாள் என்று ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள், கூட்டத்தில் செங்கோடனின் அம்மாவும் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். பரிமளம் கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல் வலது கையை நீட்டினாள். அங்கே சுவர்தான் இருந்தது. கையை எடுத்துக்கொண்டு, சட்டியைச் சற்று நகர்த்தி வைத்தாள் என்று பக்கத்தில் இருந்தவள் சொன்னாள்.

2020 ஜனவரியில் கவிநயா பெரியவளானாள். தெரட்டிச் சடங்குக்குத் தாயின் பிறந்த வீட்டிலிருந்து சீர்த்தட்டு வர வேண்டும், அந்தத் தண்ணீரை ஊற்றி, அந்தத் துணியை உடுத்தித்தான் பெண்ணை மணையில் உட்கார வைப்பார்கள். வசந்தாமணி ஒரு புதன்கிழமை லீவு போட்டு, வெற்றிலை பாக்குத் தட்டோடு பாவடி வீதிக்கு வந்தாள். ஒன்பது மாதம் கழித்து வருகிறாள். பரிமளம் அவளை உட்கார வைத்தாள், தண்ணீர் கொடுத்தாள், தட்டிலிருந்து குங்குமத்தை எடுத்துத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பழையபடி வைத்தாள். இருவரும் மெலிந்திருந்தார்கள்.

"எனக்கு வேற ஆருமில்லீங்க்கா. சீரு நீங்கதான் கொண்டாரோணும்."

"என்ன தேதி?"

"பிப்ரவரி ரெண்டு. ஞாயித்துக்கெழமை. பத்தரைக்கு மேல."

பரிமளம் தட்டை வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தாள். வசந்தாமணி பஸ்ஸில் மகளுக்குப் போன் செய்து, அம்மாவின் வீட்டார் தட்டை வாங்கிக்கொண்டார்கள் என்று சொன்னாள். மண்டபத்தில் முதல் வரிசையில் பன்னிரண்டு நாற்காலிகளை அவர்களுக்கு என்று ஒதுக்கச் சொன்னாள். தொடரில் மாதங்கள் வேகமாக ஓடும். புகுந்த வீடு திரும்பி உண்டாகியிருந்த கமலவேணிக்கு ஏழாம் மாதம் பிறந்திருந்தது.

2020 பிப்ரவரி 2, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தரை மணி முதல் பன்னிரண்டரை மணி வரை கமலவேணியின் வளைகாப்பு இரண்டு மணி நேரச் சிறப்பு நிகழ்ச்சியாக ஒளிபரப்பானது. பாவடி வீதியில் தறி ஓடவில்லை. பிறந்த வீட்டார் என்ற முறையில் பரிமளம் முதல் வளையலை டிவிக்கு முன்னால் வைத்தாள். திருப்பூர் மண்டபத்தில் பதினொன்றே முக்கால் வரை காத்திருந்துவிட்டு, கம்பெனியில் கூட வேலை செய்யும் பெண் ஒருத்தி கவிநயாவுக்குத் தண்ணீர் ஊற்றினாள். சமையல்காரர் கேட்டதற்கு, முதல் வரிசை நாற்காலிகளை எடுத்துப் பந்திக்குப் போடலாம் என்று வசந்தாமணி சொன்னாள்.